ஈடு ஈடாக: தோல் வட்டாரத்தின் சைனீஸ் பஃபே

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் வட்டாரத்தில் சைனீஸ் பஃபே இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, வேலூர், காட்பாடி ஓட்டல்களில் சனி, ஞாயிறுகளில் போடுவது. ஆளுக்கு இவ்வளவு என்று காசு கட்டிவிட்டு வேண்டிய அளவு எடுத்துச் சாப்பிடலாம். இன்னொன்று, கல்யாண ரிசப்ஷனில் போடுவது. காசு கல்யாண வீட்டாருடையது, பசி வந்தவர்களுடையது. சமையல் இரண்டிலும் ஒன்றுதான், கணக்கு மட்டும் வேறு. முழுக்க முழுக்கச் சைனீஸ் மட்டுமே வைத்த பஃபே இந்தப் பக்கம் அபூர்வம். பெயர்ப் பலகையில் டிராகன் வாயைப் பிளந்துகொண்டிருந்தாலும் மேசையின் கடைசி முனையில் தயிர்சாதமும் ஊறுகாயும் இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பார்க்கும் ஓட்டல்காரர் மறுவாரமே திரும்ப வைத்துவிடுவார்.

அமிர்தி போன்ற அடிவார ஊரில் பஃபே ஓட்டல் நிற்காது. வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி, ஜவ்வாது மலையின் காலடியில் இருக்கும் இந்த ஊருக்கு, 1967இல் தொடங்கிய சிறு உயிரியல் பூங்காவையும் மேலே உள்ள அருவியையும் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். காலையில் வந்து மதியத்துக்கு மேல் திரும்பிவிடுகிற கூட்டம் அது. மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் பஃபே கூடங்களுக்குள் மூன்று மணிவாக்கில் ஈரத் தலையோடு நுழையும் குடும்பங்களைச் சர்வர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அருவியில் நனைந்தவர்களுக்கு சூப்பும் வேண்டாம், சாலடும் வேண்டாம். நேராகச் சாதத்துக்குத்தான் போவார்கள். அந்த நேரத்தில் ஃபிரைட் ரைஸ் சட்டி காலியாக இருந்தால் கூடம் ரெண்டுபட்டுவிடும்.

சைனீஸ் சமையலுக்கும் பஃபேவுக்கும் உண்மையில் ஒத்துப்போகாது. கடாயில் கிளறி இறக்கிய பண்டத்துக்குச் சில நிமிடம்தான் ஆயுள், பஃபே மேசையோ மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். பிரியாணிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தம் உடைத்த அண்டா மூடி கிடக்கும்வரை சோறு தன் சூட்டிலேயே நிற்கும், சொல்லப்போனால் அரை மணி நேரம் கழித்து எடுக்கிற கரண்டிதான் நன்றாக இருக்கும். சைனீஸ் மாஸ்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில நிமிடத்தையும் மூன்று மணி நேரத்தையும் எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதே இந்தத் தொழிலின் சாமர்த்தியம்.

மேசையில் இருக்கும் பண்டங்கள் பெரும்பாலும் கொல்கத்தா வழியாக வந்தவை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், டோங் அச்யூ என்ற சீன வணிகர் கொல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த இடம் இன்றும் அச்சிப்பூர் என்றே வழங்குகிறது. அவருக்குப் பின் வந்த சீனர்களில் காண்டன் பக்கத்தார் தச்சு வேலைக்குப் போனார்கள், ஹூபேக்காரர்கள் பல் வைத்தியத்துக்கு. ஹக்கா மக்கள் செருப்புக்கும் தோலுக்கும் வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குக் கொல்கத்தாவின் சதுப்பு ஓரமான டாங்ராவில் அவர்கள் தோல் பதனிடும் ஆலைகளை வரிசையாகக் கட்டினார்கள்.

சில்லி சிக்கனைப் பெற்றெடுத்தது ஒரு தோல் ஊர் என்பது ஆம்பூரில் பலருக்குத் தெரியாது. மேல்சாதியார் தொடத் தயங்கிய தொழிலில் கொல்கத்தாவில் ஹக்காக்கள் இறங்கினார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் இறங்கின. இரண்டு இடத்திலும் தொட்டியில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பதனிடும் முறைதான் வேறு. டாங்ராவில் குரோம், இந்தப் பக்கம் வெகுகாலம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். அந்தக் கடுக்காய் இன்றும் ஜவ்வாது மலைக்காரர்கள் காட்டில் பொறுக்கி விற்கும் சரக்குகளில் ஒன்று.

டாங்ராவின் ஆலைக் குடும்பங்கள் வீட்டுக்குச் சமைத்ததும், பிறகு சிறு கடைகளில் வங்காளிகளுக்குச் சமைத்ததும் ஒன்றாக இருக்கவில்லை. வங்காள நாக்குக்குப் பச்சைமிளகாய் ஏறியது, குழம்பு கெட்டியானது, இஞ்சியும் பூண்டும் கூடின. 1962 போரில் இந்தியச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். விடுதலையாகி வந்தவர்களில் பலர் கடல் கடந்து போனார்கள், மிஞ்சியவர்கள் ஆலையையும் அடுப்பையும் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சூரியன் இன்னும் பிந்தியது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயோடு சோயாவையும் கான்ஃபிளவரையும் சேர்த்துக் கோழியில் செய்து பார்த்தது அது என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கதை. கோழியின் இடத்தில் காலிபிளவர் ஏறியதும் தமிழ்நாட்டுச் சைவ ஓட்டல்களின் கதவு திறந்துவிட்டது.

1996இல் இரண்டு தோல் ஊர்களுக்கும் ஒரே ஆண்டில் உச்ச நீதிமன்றத்திலிருந்து அடி விழுந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதை அது சுட்டியது, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது, கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாதவர்கள் ஆலையை ஓட்டக்கூடாது என்றது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் டிசம்பர் 19 அன்று கொல்கத்தா ஆலைகள் ஊரைவிட்டே பெயர வேண்டும் என்று உத்தரவாயிற்று. இரண்டிலும் நீதிபதி குல்தீப் சிங் இருந்தார். ஆம்பூர்க்காரர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பிடித்துக்கொண்டு தோலிலேயே நின்றார்கள், ஷூவுக்கு ஏறினார்கள். டாங்ராக்காரர்களில் கொஞ்சம் பேர் பண்டாலாவுக்கு ஆலையை மாற்றினார்கள். மற்றவர்கள் ஆலைக் கொட்டகையைக் கழுவி, டைல்ஸ் ஒட்டி, ஓட்டலாக்கிவிட்டார்கள். இன்று டாங்ரா என்றால் கொல்கத்தாவில் சாப்பாடு என்றுதான் பொருள்.

வேலூருக்கு இந்தச் சாப்பாடு வந்த வழியில் ஆஸ்பத்திரிக்கு முக்கியப் பங்கு உண்டு. ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சி.எம்.சி.க்கு வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று கிழக்கிலிருந்து நோயாளிகள் தொடர்ந்து வருகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு விடுதிகளில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்காக மீன்குழம்பு மெஸ்கள் வந்தன, அவற்றோடு ஒட்டிக்கொண்டு சவ்மீனும் மோமோவும் வந்தன. 1984இல் தொடங்கிய வி.ஐ.டி. வளர வளர, காட்பாடியில் வெளிமாநில மாணவர் கூட்டம் இன்னொரு பெரிய வாயாகச் சேர்ந்தது. வாரத்தில் ஒரு நாள் வயிறாரச் சாப்பிட வேண்டும், கணக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்கிற மாணவர்களுக்கு பஃபே தோதாகப் போயிற்று.

அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் நேபாளம், டார்ஜிலிங், அசாம், ஒடிசாப் பக்கத்துப் பையன்கள். உள்ளூர்க்காரர்களும் இல்லாமல் இல்லை. மாஸ்டர், செகண்ட், கட்டிங் என்று மூன்று படி. கட்டிங்குக்கு வருகிறவன் முதலில் பூண்டு உரிப்பான், கோஸ் அரிவான். கேரட்டும் பீன்ஸும் தீக்குச்சி பருமனில் ஒரே நீளத்துக்கு வர வேண்டும். தடித்த துண்டு வேகாது, மெலிந்தது கருகும். கடாயில் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிவதால் கத்தியில் விட்டதை நெருப்பில் பிடிக்க முடியாது. கட்டிங் தேறியவனைச் சாதம் வடிக்கவும் பொரிக்கவும் விடுவார்கள். கடாய்ப் பிடி கடைசியில்தான் கைக்கு வரும். மாஸ்டர்களுக்குத் தோள்பட்டை வலி இருப்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இப்போது ஆய்விலும் ஏறிவிட்டது. ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த ஹங்டாங் கோ, டேவிட் ஹூ இருவரும் சமையற்காரர்கள் ஃபிரைட் ரைஸ் தூக்கிப் போடுவதைப் படமெடுத்து அளந்து 2020இல் வெளியிட்டார்கள். கடாய் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை முன்னும் பின்னும் போய்வருகிறது, அதோடு ஏற்றம் போல மேலும் கீழும் ஆடவும் செய்கிறது. பஃபே நாளில் இதை மூன்று மணி நேரம் செய்ய வேண்டும்.

வேலை காலையில் சாதத்தோடு தொடங்குகிறது. பாசுமதியை முக்காலே அரைக்கால் வேக்காட்டில் வடித்து, அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவிட வேண்டும். குழைந்த சாதம் கடாயில் களியாகும், சூடான சாதமும் அப்படித்தான். ஆறி, மேலே ஈரம் வற்றிய சாதம்தான் பருக்கை பருக்கையாக உதிரும். நூடுல்ஸையும் இதே போல வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவி வைப்பார்கள். கோழிக்கு முட்டை, கான்ஃபிளவர், கொஞ்சம் மைதா பூசி முதல் பொரிப்பு முடித்து எடுத்து வைப்பார்கள். காலிபிளவரும் அப்படியே. பதினோரு மணிக்குள் பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய் பொடியாக நறுக்கியது, வெங்காயத்தாள், குடைமிளகாய், சாஸ் பாட்டில்கள், உப்பு, வெள்ளை மிளகுத்தூள் எல்லாம் கை எட்டும் தூரத்தில் கிண்ணம் கிண்ணமாக வந்துவிட வேண்டும். அடுப்பு பற்றியபின் எதையும் தேடப் போக முடியாது.

ஒரு ஈடு ஃபிரைட் ரைஸ் இப்படிப் போகும். பர்னரைத் திறந்ததும் நெருப்பு இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்காது. வெறும் கடாய் புகைவிடும்வரை காய வேண்டும். எண்ணெய் விட்டு ஒரு சுற்றுச் சுழற்றி, அதை வடித்துவிட்டு, புது எண்ணெய் ஊற்றுவார் மாஸ்டர். முதல் எண்ணெய் கடாய்க்கு, இரண்டாவது சாப்பிடுகிறவருக்கு. முட்டை விழுந்து பொங்கும், அது இறுகுமுன்னே பூண்டு, பின்னாலேயே காய்கள், இரண்டு தூக்கல். சாதம் விழுந்ததும் கரண்டியின் முதுகால் கட்டிகளை அமுக்கி உடைக்க வேண்டும், வெட்டினால் பருக்கை முறியும். உப்பு, மிளகு. சோயாவைச் சாதத்தின் மேல் ஊற்றுவது கற்றுக்குட்டி வேலை. தெரிந்தவர் கடாயின் விளிம்பில் சுற்றி ஊற்றுவார், அது காய்ந்த இரும்பில் சீறி, வாசனையாக மாறித்தான் சாதத்தைத் தொடும். வெங்காயத்தாள் தூவி இன்னும் இரண்டு தூக்கல். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடத்துக்குள்.

இந்த ஒரு ஈட்டில் நாலு, ஐந்து பிளேட் வரும். பஃபேவுக்கு இருபது பிளேட் வேண்டும் என்கிறபோதுதான் வம்பு. இருபது பிளேட் சாதத்தையும் ஒரே கடாயில் கொட்டிக் கிளறினால் நேரம் மிச்சம், தோளுக்கும் ஆறுதல். ஆனால் நெருப்பு கூடவில்லை, ஆறிய சாதம் மட்டும் நாலு மடங்கு கூடியிருக்கிறது. கடாயின் சூடு அடங்கி, சாதத்தின் ஈரம் ஆவியாகி வெளியே போக வழியின்றி உள்ளேயே சுற்றும். ஈரம் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அங்கே நடப்பது வறுவல் ஆகாது, இரண்டாம் தடவை வேகவைப்புதான். நிறம் வரும், புகை வாசனை வராது. சோயா விட்ட தக்காளிசாதம் போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை தட்டைத் தள்ளினால் குற்றம் பிள்ளையிடம் இல்லை.

ஆகவே பஃபே மாஸ்டர் சின்னச் சின்ன ஈடாகவே போட வேண்டும், மேசையில் பாதிச் சட்டிதான் நிரம்பியிருக்க வேண்டும், கால் மணிக்கு ஒரு தரம் புதுச் சட்டி போக வேண்டும். முதலாளிக்கு இது பிடிக்காது. பாதிச் சட்டி கஞ்சத்தனமாகத் தெரியும் என்பார். முதலாளிக்கும் மாஸ்டருக்கும் பஃபே நாளில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்தப் பாதிச் சட்டியைப் பற்றியது. சட்டியின் அளவைச் சிறிதாக்கிவிடுவது நல்ல சமரசம். சின்னச் சட்டி நிறைந்தும் தெரியும், சீக்கிரம் காலியும் ஆகும். பழையதன் தலையில் புதியதைக் கொட்டுகிற ஓட்டல்களில் இரண்டும் கெடும், மூன்று மணிக்குச் சட்டியின் அடியில் இருப்பது பன்னிரண்டரை மணிச் சோறு.

எந்தப் பண்டம் மேசையில் நிற்கும், எது நிற்காது என்பது அடுத்த கேள்வி. மேசைச் சட்டிக்கு அடியில் வெந்நீர்த் தட்டு, அதற்கடியில் ஜெல் அடுப்பு. சூடு இருக்கும், ஆவியும் இருக்கும். மூடியின் உட்புறம் சேர்ந்த ஆவி நீராகச் சொட்டும். மொறுமொறுப்பை நம்பியிருக்கும் எதற்கும் அது எமன். டிரை கோபி மஞ்சூரியன், கிரிஸ்பி பேபிகார்ன் இரண்டும் பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாம் பொரிப்புப் பொரித்து, சாஸில் ஒரு புரட்டுப் புரட்டி, சர்வர் கையில் கொடுத்து மேசை மேசையாக அனுப்புவதுதான் சரியான வழி. ஸ்டார்ட்டரை டேபிளுக்கே கொண்டுவருகிற ஓட்டல் உபசாரத்துக்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை. சிக்கன் லாலிபாப்பை எண்ணி வைப்பதற்கும் அதுவே வசதி.

கிரேவி மஞ்சூரியன் நிற்கும், அதனால்தான் அது பஃபேயின் ராஜா. கான்ஃபிளவர் கட்டிய குழம்பு சூட்டைப் பிடித்துக்கொள்ளும், உருண்டை ஊறினாலும் கெட்டுப்போகாது. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வினிகரை முதலிலேயே விட்டுக் கொதிக்கவைத்தால் புளிப்பு மாவின் கட்டை உடைத்து, ஒரு மணி நேரத்தில் குழம்பு தண்ணீராகிவிடும். இறக்கும்போது விட்டால் நிற்கும். மேலே ஆடை படியத் தொடங்கினால் ஒரு கரண்டி சூடான காய்ச்சாறு விட்டு இளக்கிக்கொள்ளலாம். ஹாட் அண்ட் சோர் சூப்பும் நிற்கும். மஞ்சோ சூப்புக்குப் பொரித்த நூடுல்ஸைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். மீன் உடைந்துவிடும், அதைத் தவிர்ப்பது நல்லது. எல்லாவற்றிலும் மோசம் ஹக்கா நூடுல்ஸ். இருபது நிமிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, கரண்டியால் தூக்கினால் மொத்தமாகச் சடை போல எழும். கடைசியில் இனிப்புக்குத் தேன் நூடுல்ஸும் ஐஸ்கிரீமும். ஜவ்வாது மலைத் தேன் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற ஊரில் அதன் மேல் பாட்டில் சர்க்கரைப்பாகை ஊற்றுவதுதான் சகிக்கவில்லை.

மேசையின் வரிசையில் வியாபாரம் இருக்கிறது. சூப், சாலட், சாதம், நூடுல்ஸ் முன்னால் வரும், கோழி பின்னால். கோழிக்குழம்பு வரும்போது தட்டில் இடம் இருக்கக்கூடாது என்பது கணக்கு. சாதத்துக்குப் பெரிய கரண்டி, கோழிக்குச் சின்னக் கரண்டி. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஒரே விலைக்கு அளவில்லாமல் போடுகிறவர் வேறு எப்படித் தாக்குப்பிடிப்பார்? அளவில்லாத பஃபேவை அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் எல் ராஞ்சோ விடுதி 1940களில் ஒரு டாலருக்குப் போட்டபோது அதன் நோக்கம் ஆட்களைச் சூதாட்ட மேசையிலிருந்து நகரவிடாமல் வைப்பது. அங்கே சாப்பாட்டில் விட்டதைச் சூதில் பிடித்துக்கொள்ளலாம். காட்பாடி ஓட்டல்காரருக்கு அந்த வழி கிடையாது, சாதத்தில்தான் பிடிக்க வேண்டும். தட்டில் மீதம் வைத்தால் தனிக்கட்டணம் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். யாரும் வாங்குவதில்லை, எழுதி வைத்தாலே கொஞ்சம் அடங்குகிறது.

சாப்பிடுகிறவர்களில் பழகியவர்களை எளிதில் கண்டுகொள்ளலாம். அவர்கள் வெறுங்கையோடு மேசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுப்பார்கள். அடுப்படிக் கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, புதுச் சட்டி வருகிறதா என்று ஒரு கண் வைத்திருப்பார்கள். வந்ததும் எழுவார்கள். மாணவர்கள் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வந்து ஸ்டார்ட்டரிலேயே பணத்தை எடுத்துவிடப் பார்ப்பார்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் குடும்பங்கள் போனஸ் வாரத்தில் வரும். அப்பா முதல் நடையிலேயே தட்டு நிறையச் சாதம் எடுத்துவிடுவார், அம்மா எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து வந்து, பிள்ளைகளுக்குக் காரமில்லாததைப் பொறுக்கிக் கொடுப்பார். இரண்டாம் நடைக்கு எழ முதலில் கூச்சம் இருக்கும். "இன்னொரு தடவை போலாமாங்க?" என்று சர்வரிடம் கேட்பவர்கள் இன்றும் உண்டு. "எத்தனை தடவை வேணாலும் போங்கண்ணா" என்று சொல்லிப் பழக வேண்டியது சர்வரின் முதல் பாடம்.

சாப்பாட்டைப் பற்றிய பயங்களில் ஊர் பயப்படுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறொன்று. எல்லோரும் அஜினோமோட்டோவைக் கேட்பார்கள். ஜப்பானின் கிகுனே இகேதா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்த உப்பு அது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கடிதத்திலிருந்து அதன் பெயர் கெட்டது. பிறகு நடந்த ஆய்வுகளில் சாதாரண அளவில் அது தலைவலி தருகிறது என்பது உறுதிப்படவில்லை. 'அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை' என்று பலகை மாட்டிய ஓட்டலிலும் சோயா சாஸிலும் தக்காளியிலும் அதே குளுட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது.

கவலைப்பட வேண்டியது ஆறிய சாதத்தைப் பற்றி. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வடித்த சாதத்தை மணிக்கணக்கில் வெளியே போட்டுவைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு கடாய்ச் சூட்டிலும் அழியாது. மறுபடி வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. சாதத்தைப் பரப்பிச் சீக்கிரம் ஆற்றி, அன்றைக்குத் தேவைப்படும்வரை குளிர்பெட்டியில் வைப்பதுதான் முறை. மேசையில் இருப்பது 60 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும், கரண்டி வைத்தால் ஆவி வர வேண்டும். ஜெல் தீர்ந்து அணைந்துபோன அடுப்பைக் கவனிக்க ஒரு பையனைத் தனியாகப் போடுகிற ஓட்டலை நம்பலாம். இரண்டாவது கவலை நிறம். 2024 பிப்ரவரியில் நிறத்தின் காரணமாகத் தமிழ்நாடு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது, மார்ச்சில் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்களுக்குத் தடை போட்டது. காஷ்மீரி மிளகாயை ஊறவைத்து அரைத்தால் நல்ல சிவப்பு வரும். கையில் ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டாலும் போகாத சிவப்பு மிளகாயின் சிவப்பு இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடிக் கல்யாணங்களில் சைனீஸுக்கு இடம் கிடைத்தது பக்கவாட்டில்தான். அங்கே மேடை சீரகசம்பா பிரியாணிக்கு உரியது, கத்திரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும் அதன் உடன்பிறப்பு. அதை அசைக்க யாரும் நினைத்ததில்லை. ரிசப்ஷன் மாலையில் மண்டபத்தின் ஓரத்தில் லைவ் கவுண்டர் என்று ஒரு பர்னரும் கடாயும் போடுவார்கள், பிள்ளைகளும் வாலிபர்களும் அங்கே மொய்ப்பார்கள். சமையல் முறை இதற்காகக் கொஞ்சம் மாறியது. இறைச்சி ஹலாலாக இருக்க வேண்டும், பன்றியும் சீனச் சமையலின் அரிசி மதுவும் கிடையாது. மதுவின் வேலையை வினிகரும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளும். சாலையோரக் கடைகளில் மாட்டிறைச்சியிலும் சில்லி போடுகிறார்கள், தோல் ஊரில் அதுவும் நன்றாகவே போகும். ஓட்டல் பஃபேவைவிட மண்டபத்து லைவ் கவுண்டரில்தான் சைனீஸ் ருசியாக இருக்கும் என்பது ஒத்துக்கொள்ள வேண்டிய உண்மை. ஆள் வரிசையில் நிற்கும்போதே ஈடு போடுகிறார்கள், கடாயிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறது. நடுவில் ஆவிச் சட்டி இல்லை.

அமிர்திக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் வேலூரிலிருந்து பார்சல் கட்டிப் போவதுண்டு. அலுமினியத் தாளில் மூடிய ஃபிரைட் ரைஸ் ஒரு மணி நேரப் பயணத்தில் தன் ஆவியிலேயே குழையும். கட்டச் சொல்லும்போதே ஆறவைத்துக் கட்டச் சொன்னால் உதிரும், ஆனால் கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். டிரை மஞ்சூரியனை எடுத்துப்போவது வீண். கிரேவியைத் தனியாகவும் பொரித்த உருண்டையைத் தனியாகவும் வாங்கிப் போய் அங்கே கலந்துகொள்ளலாம். பூங்காப் பக்கத்தில் பொட்டலத்தைப் பிரித்தால் குரங்குகளுக்கும் பங்கு உண்டு என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஐம்பது, அறுபது பேர் போகும் கம்பெனி டூர் என்றால் மாஸ்டரையும் 19 கிலோ சிலிண்டரையும் கடாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவது மேல். காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், அதனால் அடுப்பைக் காட்டு எல்லைக்கு வெளியே யாராவது ஒருவரின் மாந்தோப்பில், சொல்லி அனுமதி வாங்கிப் போட வேண்டும். காற்று அடிக்கிற இடத்தில் பர்னரின் சூடு பாதியாகிவிடும், மூன்று பக்கமும் தகரம் மறைக்க வேண்டும். சாதத்தைக் காலையில் வேலூரிலேயே வடித்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம். ஈடு மட்டும் வழக்கம்போல நாலு, ஐந்து பிளேட்டுக்கு மேல் போகக்கூடாது.